விடைபெற்ற வண்டி

மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பார்கள். விலை பேசி முடிந்ததும் மாட்டை விற்ற உழவர் அதன் கழுத்திலிருந்த தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கியவர் தாம் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டி மாட்டை ஓட்டிச் செல்வார். பழைய கயிறு தொழுவத்திற்கே திரும்பி வரும். அக்கயிற்றின் விலை மிகச் சிறிது. ஆயினும் அதனை விட்டுக்கொடுக்க உழவர் மனம் இசைவதில்லை. பல ஆண்டுகள் தமக்காக உழைத்த உயிருக்கு விடைகொடுக்கும்போது செய்யத்தக்கது இன்னது, செய்யத்தகாதது இன்னது என்று ஒரு முறைமை உண்டு என்பதனையே இவ்வழக்கம் நமக்கு உணர்த்துகின்றது.

இம்முறைமை உயிருள்ள மாட்டுக்கு மட்டும் உரியதன்று; இரும்பாலும் மரத்தாலும் ஆன வண்டிக்கும் அது பொருந்தும். புதிய இரயில் வண்டி வரும்போது மாலையிட்டு வரவேற்கின்றோம், மேளம் கொட்டுகின்றோம். ஆனால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடிக் களைத்த பழைய வண்டி எங்கே செல்கின்றது, அதன் இரும்பு என்னாகின்றது, அதனை நம்பியிருந்த மக்கள் அதன் பின் எவ்வாறு பயணம் செய்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தேனி நாட்டு மக்கள் இவ்வினாக்களைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர்கள். அவர்கள் வாழும் மலைநாட்டுச் சூழலில் இருப்புப்பாதை மூன்று முறை விடைபெற்றிருக்கின்றது. ஒரு முறை அதனை வெள்ளம் கொண்டது. ஒரு முறை போர் கொண்டது. மற்றொரு முறை முன்னேற்றமே அதனைக் கொண்டது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளைகளுக்கும் நடுவே அமைந்த அழகிய நிலப்பரப்பு கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துகின்றது. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் இங்கே செழித்து விளைகின்றன. பள்ளத்தாக்கின் வடமேற்கே, மலையடிவாரத்தில் இருப்பது போடிநாயக்கனூர். மலைமேல் விளையும் ஏலம், காப்பி, மிளகு முதலியன இவ்வூருக்கு இறங்கி வருகின்றன. ஏலக்காய் ஏலத்திற்குப் பெயர்பெற்ற ஊர் அது. விளைபொருள் மிகுந்த இடத்தில் அதனைக் கொண்டுசெல்லும் வழியும் வேண்டும் அன்றோ? இப்பகுதியின் இருப்புப்பாதை வரலாறு அத்தேவையிலிருந்தே தொடங்குகின்றது.

போடிக்கு மேலே, மலைகளுக்கு அப்பால், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அத்தோட்டங்களின் தேயிலையை மலைமுகட்டுக்குக் கொண்டுவருவதற்காக 1902ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பெற்றது. அவ்வண்டியைக் காளைகள் இழுத்தன. 1908ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக இரண்டடி அகலமுள்ள சிறுபாதை போடப்பட்டு, சிறிய நீராவிப் பொறிகள் ஓடலாயின. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் என்பது அதன் பெயர். மலைமுகட்டில் அப்பாதை முடிந்த இடம் இன்றும் ‘டாப் ஸ்டேஷன்’ என்றே வழங்குகின்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்து சேர்ந்தன.

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேற்கு மலைகளில் பெருமழை பெய்தது. ஆறுகள் கரையுடைத்துப் பாய்ந்தன. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. அவ்வெள்ளத்தில் குண்டளைச் சிறுபாதை சிதைந்தொழிந்தது. பின்னர் அது மீண்டும் எழவேயில்லை. இன்று அவ்விடத்தில் இரயில் இல்லை. நிலையம் என்னும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கின்றது. வெள்ளத்தோடு வழக்காட எவராலும் இயலாது. ஆதலால் இம்முதற் பிரிவை விதியின் செயல் என்று மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

வெள்ளம் வந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1928ஆம் ஆண்டில், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அதனை அமைத்தது தென்னிந்திய இரயில்வே. மதுரையிலிருந்து மேற்கே சென்று, வடபழஞ்சி, உசிலம்பட்டி முதலிய ஊர்களைக் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாயின் வழியே மலைகளுக்கிடையே புகுந்து, தேனியைத் தொட்டு, போடியில் அது முடிந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே இருந்தமையால் அது மீட்டர் பாதை எனப்பட்டது.

அப்பாதை நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர்க்காலத்தில் இரும்பு பொன்னினும் அரிதாயிற்று. வருவாய் குறைந்த கிளைப்பாதைகள் எவையெவை என்று கணக்கெடுத்து, அவற்றின் தண்டவாளங்களைப் பெயர்த்துப் போர்த்தேவைக்கு அனுப்பினர். அவ்வாறு பெயர்க்கப்பட்டவற்றுள் போடிப் பாதையும் ஒன்று. திறந்து இருபது ஆண்டுகள் நிறையுமுன்னே அது வெற்று மண்மேடாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1950களில், தண்டவாளங்கள் மீண்டும் போடப்பெற்றன. வண்டி மீண்டும் ஓடிற்று. முன்னது இயற்கையின் செயல் என்றால் பின்னது மனிதரின் செயல். இயற்கை கொண்டது திரும்பவில்லை. மனிதர் கொண்டதை மனிதரே திருப்பி அளித்தனர். இவ்வேறுபாட்டை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மீண்டும் வந்த வண்டி அரை நூற்றாண்டுக்கு மேல் அப்பாதையில் ஓடியது. முதலில் நீராவிப் பொறியும் பின்னர் டீசல் பொறியும் அதனை இழுத்தன. அதன் விரைவு பெரிதன்று, பெட்டிகள் சிறியன, இருக்கைகள் மரப்பலகைகள். எனினும் கட்டணம் குறைவு. காய்கறிக் கூடையோடு வருபவரும், கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், மதுரையில் மருத்துவம் நாடும் முதியவரும், கூலிவேலைக்குச் செல்லும் தொழிலாளரும் அவ்வண்டியை நம்பியிருந்தனர். பேருந்து நிற்கும் இடத்தில் ஒருவர் தம் மூட்டைக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கலாம். இரயிலிலோ மூட்டைக்கும் இடமுண்டு, மூட்டைக்குரியவருக்கும் இடமுண்டு. ஏழை மக்களுக்கு அவ்வண்டி வெறும் ஊர்தி அன்று; மாத வருவாயில் சில ரூபாய் மிச்சப்படுத்தித் தந்த துணை அது.

அங்ஙனமாயின் அவ்வண்டியை நிறுத்தியது ஏன்? இதற்கு விடை காண, பழைய வண்டிகள் ஓய்வு பெறுவதன் காரணங்களை நாம் அறிதல் வேண்டும். அவை இரண்டு: ஒன்று வண்டியின் மூப்பு; மற்றொன்று பாதையின் மாற்றம்.

முதலில் மூப்பைக் காண்போம். மனிதருக்கு நரையும் திரையும் வெளியே தெரியும். இரும்புக்கு வரும் மூப்போ பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும். ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால், ஒருமுறை வளைத்தபோது முறியாத அது, பிறகு பட்டென்று முறிந்துவிடும். இதனை உலோகச் சோர்வு என்பர். வண்டி ஓடும்போது அதன் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு வளைந்து நிமிர்கின்றது. கோடிக்கணக்கான சுற்றுகளுக்குப் பின் அதன் உள்ளே மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றலாம். ஆதலின் பணிமனைகளில் செவிக்கு எட்டாத நுண்ணொலியை அச்சினுள் செலுத்தி, அது திரும்பிவரும் முறையைக் கொண்டு வெடிப்பு உண்டா என்று ஆராய்கின்றனர். மற்றொரு பகை துரு. கழிப்பறையின் அடியிலும், கதவுகளின் அருகிலும், நீர் தங்கும் மூலைகளிலும் துரு எஃகுத் தகட்டை மெல்ல மெல்லத் தின்னும். மேலே பூசிய வண்ணம் புதிதாகத் தோன்றலாம். கீழேயுள்ள சட்டமோ அரித்துப் போயிருக்கலாம்.

இதனால் இரயில்வே ஒவ்வொரு வகை வண்டிக்கும் பணிக்காலம் வகுத்துள்ளது. சென்னைப் பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு முதல் செய்துவந்த எஃகுப் பெட்டிகளுக்கு 25 ஆண்டுகள் என்றும், டீசல் பொறிகளுக்கு 36 ஆண்டுகள் என்றும் கணக்கிட்டனர். அரசுப் பணியாளர் அகவை முதிர்ந்ததும் ஓய்வு பெறுவதைப் போன்றது இது. ஒருவர் இன்னும் சில ஆண்டு உழைக்கக்கூடியவராக இருக்கலாம். எனினும் விதி விதியே. வண்டியைப் பொறுத்தவரை அவ்விதி பயணிகளின் உயிரைக் காக்கும் காப்பாகும். பழைய வண்டியின்மீது கொண்ட பாசத்தால் அதனை அளவுக்கு மிஞ்சி ஓட்டுவது அன்பாகாது. அதில் ஏறுவோரின் உயிருக்கு ஊறு தேடுவதாகவே முடியும்.

இனி, பாதையின் மாற்றத்தைக் காண்போம். செலவு குறையும் என்பது கருதி 1870களில் இந்தியாவின் பல பகுதிகளில் மீட்டர் பாதைகள் அமைக்கப்பட்டன. முதன்மைப் பாதைகள் பல 1,676 மில்லிமீட்டர் அகலமுடையனவாக இருந்தன. இவ்வாறு ஒரே நாட்டில் இருவகைப் பாதைகள் உண்டாயின. ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஏறாது. இரண்டும் கூடும் நிலையத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். காலமும் கூலியும் வீணாயின, சரக்கும் சிதைந்தது. இக்குறையைப் போக்க, நாடெங்கும் ஒரே அகலப்பாதை அமைக்கும் திட்டம் 1992ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

மீட்டர் பாதைப் பெட்டியின் சக்கரங்களைத் தள்ளி வைத்து அகலப்பாதையில் ஓட்டினால் என்ன என்று சிலர் வினவலாம். அது பொருந்தாது. அகலப்பாதைக்கு ஏற்ப அமைந்த நடைமேடையின் உயரம் வேறு, பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கிகளின் அளவு வேறு, தடைக்கருவி வேறு, பெட்டியின் அகலமும் குறைவு. மதுரையைச் சூழ்ந்த பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. இறுதியில் போடிப் பாதை, கடல் சூழ்ந்த தீவு போலத் தனித்து நின்றது. அப்பாதையின் பொறி பழுதுற்றால் உதிரி உறுப்புக் கிடைத்தல் அரிதாயிற்று. அங்கிருந்து வேறு ஊருக்கு நேரே செல்லவும் வழியில்லை. எனவே அதனையும் அகலப்படுத்துவது என்று முடிவாயிற்று. 2010ஆம் ஆண்டின் இறுதியில் மீட்டர் பாதை வண்டி போடியிலிருந்து விடைபெற்றது.

விடைபெற்ற வண்டி எங்கே செல்கின்றது? பொதுவாக இதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், வேறெங்கேனும் அதே அகலமுள்ள பாதை இருந்தால், ஓடத்தக்க பெட்டிகளும் பொறிகளும் அங்கே அனுப்பப்படும். இந்தியாவின் மீட்டர் பாதை டீசல் பொறிகள் சில மியன்மா, மலேசியா போன்ற நாடுகளுக்குச் சென்று அங்கே பணியாற்றின. அந்நாடுகளிலும் மீட்டர் பாதை இருப்பதே இதற்குக் காரணம். ஓடத்தகாதவற்றைப் பொறியியல் அலுவலர்கள் ஆராய்வர். பழுதுபார்க்கும் செலவு அதன் பயனை விட மிகுமாயின், ‘ஓட்டத்திற்குத் தகுதியற்றது’ என்று குறித்து, பதிவேட்டிலிருந்து அதன் எண்ணை நீக்குவர். எண் நீங்கிய அன்றே அது வண்டி என்னும் நிலையை இழந்துவிடுகின்றது. அதன் பின் அது இரும்பு மட்டுமே.

அதன் பிறகு, மாட்டுக் கயிற்றை உழவர் அவிழ்த்துக்கொள்வதைப் போலவே, பயன்படத்தக்க உறுப்புகளைப் பணிமனையினர் கழற்றிக்கொள்வர். சக்கரமும் அச்சும், சுருள்வில்லும், தடை உருளையும், மின்விசிறியும், மின்கலமும் தனித்தனியே பிரிக்கப்படும். எஞ்சிய கூடு ஏலத்திற்கு வரும். மலையில் விளைந்த ஏலம் ஏலம் போவதைக் கண்ட போடி மக்களுக்கு இச்சொல் புதிதன்று. ஏலம் எடுத்தவர் ஆட்களைக் கொண்டு எரிவளிச் சுடரால் அக்கூட்டை வெட்டுவர். பெரும் பெட்டி சிறு துண்டுகளாகி உருக்காலையை அடையும். செம்பும் பித்தளையும் ஈயமும் வேறு வேறு இடங்களுக்குச் செல்லும்.

இவ்வேலையில் விழிப்பு மிகவும் வேண்டும். பழைய பெட்டிகளில், வெப்பத்தையும் ஓசையையும் தடுப்பதற்காகச் சுவர்த் தகடுகளுக்கிடையே கல்நார் வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. கல்நாரின் நுண்ணிழைகள் மூச்சோடு உட்புகுந்தால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். மின்கலத்தின் ஈயமும் அமிலமும் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கும். ஆதலின் முகமூடியும் கையுறையும் இன்றித் தொழிலாளரை வெட்டவிடுவது பெருங்குற்றமாகும். நம்மைச் சுமந்த வண்டி தன் இறுதியில் ஓர் ஏழைத் தொழிலாளரின் மூச்சைப் பறிக்குமாயின், நாம் அதற்குத் தக்கவாறு விடைகொடுத்தோம் என்று கூற இயலுமோ?

முறையாக உருக்கப்பட்ட இரும்பு வீணாவதில்லை. ஒரு டன் பழைய எஃகை உருக்கிப் புதிய எஃகு ஆக்கும்போது, ஏறத்தாழ 1.4 டன் இரும்புத் தாதும் முக்கால் டன் நிலக்கரியும் மிச்சமாகின்றன. நேற்றுப் பெட்டியாக ஓடிய எஃகு நாளை பாலத்தின் கம்பியாகலாம், உழுகருவியின் கொழுவாகலாம், மீண்டும் ஒரு தண்டவாளமாகவும் ஆகலாம். இரும்பு இறப்பதில்லை, அது வடிவம் மாறுகின்றது.

உருக்குதல் ஒன்றே வழி என்பதும் இல்லை. ஐக்கிய அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் மக்களைச் சுமந்த சுரங்க இரயில் பெட்டிகள், 2001ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டுகளில், 2,500க்கும் மேற்பட்டவை தூய்மை செய்யப்பட்டு அட்லாண்டிக் கடலில் இறக்கப்பட்டன. அவை கடலடியில் செயற்கைப் பாறைகளாகி மீன்களுக்கு உறைவிடம் தந்தன. ஆயினும் அவற்றுள் துருப்பிடிக்காத எஃகால் ஆன பெட்டிகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் கடலில் சிதைந்துபோயின. நல்ல எண்ணம் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. ஜப்பான் நாட்டுத் தோக்கியோ நகரில் ஓடி ஓய்வு பெற்ற மின்வண்டிகள் பல இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகருக்குச் சென்று, அங்கே பல்லாயிரம் மக்களை நாள்தோறும் சுமந்தன. நம் நாட்டிலோ, 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, 5,000க்கும் மேற்பட்ட பழைய பெட்டிகள் நோயாளரைத் தனியே வைத்துப் பேணும் அறைகளாக மாற்றப்பட்டன. ஓய்வை நெருங்கிய பெட்டிகள் இடருற்ற வேளையில் கைகொடுக்க முன்வந்தன.

சில வண்டிகள் நினைவுப் பொருளாகவும் காக்கப்படுகின்றன. சென்னைப் பெரம்பூரில் 2002ஆம் ஆண்டில் இரயில் அருங்காட்சியகம் அமைக்கப்பெற்றது. நீலகிரி மலை இரயிலோ இன்றும் மீட்டர் பாதையில் ஓடுகின்றது. 2005ஆம் ஆண்டில் அது உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. எல்லா வண்டிகளையும் காத்தல் இயலாது. சிலவற்றையேனும் காத்தால், பின்வரும் இளைஞர் தம் பாட்டனார் எவ்வாறு பயணம் செய்தனர் என்பதைக் கண்ணாரக் காண்பர்.

இதுவரை வண்டிக்கு விடைகொடுக்கும் முறையைக் கண்டோம். இனி, வண்டியை நம்பியிருந்த மக்களின் நிலையைக் காண்போம். இதுவே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதியாகும்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மீட்டர் பாதை மின்வண்டி தொடங்கப்பெற்றது. தென்னாட்டின் முதல் மின்வண்டி அதுவே. அலுவலகம் செல்வோரையும் மாணவரையும் சிறு வணிகரையும் அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது. அதனையும் அகலப்பாதைக்கு மாற்ற வேண்டிய காலம் வந்தது. ஆனால் அங்கே பாதைகள் பல இருந்தன. ஆகவே அகலப்பாதையில் புதிய மின்வண்டிகள் ஓடத் தொடங்கிய பின்னரே, 2004ஆம் ஆண்டில், பழைய மீட்டர் பாதை மின்வண்டிகள் முற்றிலும் விடைபெற்றன. ஒரு வண்டியில் வந்து இறங்கியவர் மறுநாள் மற்றொரு வண்டியில் ஏறிச் சென்றார். பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று தோள் மாற்றிக்கொண்டன எனலாம்.

தேனிப் பள்ளத்தாக்கில் அவ்வாறு நிகழவில்லை. அங்கே இருந்தது ஒரே பாதை. அதனைப் பெயர்த்தால்தான் புதியதை அமைக்க முடியும். பெயர்த்தபின் வேலை விரைந்து முடியவும் இல்லை. ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட பொருள் தொடக்கத்தில் சிறிதாகவே இருந்தது. கணவாய்ப் பகுதியில் பாறையை அகழ வேண்டியிருந்தது. பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஓராண்டு ஈராண்டாயிற்று, ஈராண்டு ஐயாண்டாயிற்று, ஐயாண்டு பத்தாண்டாயிற்று. வண்டி நின்ற ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளிப் படிப்பின் இறுதியை எட்டும் வரை தன் ஊரில் இரயிலைக் காணவில்லை.

அக்காலத்தில் மக்கள் பேருந்தையே நாடினர். பொருள் உடையோர் சொந்த ஊர்தியில் சென்றனர். இழப்பு யாருடையது? குறைந்த கட்டணத்தை நம்பி வாழ்ந்தவருடையது. நாள்தோறும் சில ரூபாய் மிகுதியாகச் செலவிட்டால் ஓராண்டில் அது எவ்வளவு ஆகும் என்று கணக்கறிந்த மாணவர் எவரும் சொல்லிவிடலாம். அத்தொகை ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமாகவோ மருந்துச் செலவாகவோ இருந்திருக்கலாம். வளர்ச்சித் திட்டங்களின் கணக்கேட்டில் இரும்பின் விலையும் கல்லின் விலையும் எழுதப்படுகின்றன. காத்திருந்த மக்களின் இழப்பு எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

எனினும் காத்திருப்பு வீண்போகவில்லை. பொதுமக்களும் வணிகரும் இடைவிடாது வேண்டினர். வேலை பகுதி பகுதியாக நடந்தது. முதலில் உசிலம்பட்டி வரையிலும், பின்னர் ஆண்டிபட்டி வரையிலும், அதன்பின் தேனி வரையிலும் அகலப்பாதை அமைந்தது. 2022ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மதுரைக்கும் தேனிக்கும் இடையே 75 கிலோமீட்டர் தொலைவுக்குப் பயணிகள் வண்டி தொடங்கி வைக்கப்பெற்றது. அதற்கு ஆன செலவு 500 கோடி ரூபாய்க்கும் மேல். 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் எஞ்சிய 15 கிலோமீட்டரும் நிறைவுற்று, வண்டி போடிநாயக்கனூரை அடைந்தது. முன்பு மதுரையோடு முடிந்த பயணம், இப்போது சென்னை வரை நேரே நீண்டது. மலையடிவாரத்தில் ஏறியவர் இறங்கி மாறாமலே தலைநகரை அடைய வழி பிறந்தது. மீட்டர் பாதை இருந்திருந்தால் இது கைகூடியிராது. ஆகவே பழையது விடைபெற்றது தவறன்று. அது விடைபெற்றபின் புதியது வரத் தாழ்த்ததே குறை.

பள்ளத்தாக்கின் தெற்கேயுள்ள கம்பம், கூடலூர் முதலிய ஊர்களுக்கு இருப்புப்பாதை இன்னும் செல்லவில்லை. அங்கும் இரயில் வேண்டும் என்ற விருப்பம் மக்களிடையே நெடுநாளாக இருந்து வருகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன யாவை? மொழியில் சில சொற்கள் வழக்கிழப்பதையும் வேறு சில சொற்கள் வந்து சேர்வதையும் இலக்கண நூலார் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் எந்த மொழியும் பழைய சொல்லைத் துறந்துவிட்டுப் புதிய சொல் பிறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டு வாய்பேசாது இருப்பதில்லை. ஊர்தியும் அத்தகையதே. காலம் கடந்த வண்டியைப் பாசத்தால் பிடித்து வைத்தல் அறியாமை. பயன் உள்ள உறுப்பையும் இரும்பையும் குப்பையென வீசுதல் ஊதாரித்தனம். பிரித்தெடுக்கும் தொழிலாளரின் நலம் பேணாமை கொடுமை. மாற்று வழி காணாமல் மக்களின் வண்டியை நிறுத்தி வைத்தல் பொறுப்பின்மை. இந்நான்கும் நீங்கினால்தான் ஒரு வண்டிக்கு நாம் செம்மையாக விடைகொடுத்தவர்கள் ஆவோம்.

கிழட்டு மாட்டுக்கு ஓய்வு தருமுன் இளங்கன்றை நுகத்துக்குப் பழக்குவது உழவர் வழக்கம். உழவு ஒருநாளும் தடைப்படலாகாது என்பதே அவர் கருத்து. இன்று பள்ளியில் பயிலும் இளைஞர்கள் நாளை பொறியாளராகவும், ஆட்சியாளராகவும், திட்டம் தீட்டுவோராகவும் வருவார்கள். அவர்கள் பழைய வண்டி ஒன்றை நிறுத்தும் ஆணையில் கையெழுத்திடும் நாள் வரும். அன்று அவர்கள், அவ்வண்டிக்காக நடைமேடையில் கூடையோடு காத்து நிற்பவரை நினைத்துக்கொள்ளல் வேண்டும். புதிய வண்டி எந்நாளில் வரும் என்று அவருக்குச் சொல்ல முடிந்தபின் கையெழுத்திடுவதே அறமாகும்.